சீனி போடாத மாவுருண்டை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து சற்று உள்ளடங்கியிருந்த ஒரு முதியோர் இல்லத்தில் வார்டனாக இருந்தேன். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. இனி ஆகாது என்று வீட்டிலும் விட்டுவிட்டார்கள். பதினொரு பெரியவர்கள், ஒரு சமையல்காரம்மா, நான். நாள் முழுக்க பஸ் சத்தம் கேட்கும். எங்கள் வாசலில் எந்த பஸ்ஸும் நிற்காது.

அங்கே மத்தியானம் லேசில் நகராது. சாப்பாடு முடிந்து நாலு மணி டீ வரும்வரை ஆளுக்கொரு கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து அதே சுவரின் மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு சனிக்கிழமை பொறுக்கமாட்டாமல் பொரிகடலையை மாவாகத் திரித்து வரச்சொல்லி, பொடித்த சீனியையும் ஏலக்காயையும் எடுத்து வைத்து, நெய்யை உருக்கித் தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு எல்லோரையும் சாப்பாட்டு மேஜைக்குக் கூப்பிட்டேன். மாவுருண்டை பிடிக்க அடுப்புப் பக்கம் போக வேண்டாம், கத்தி வேண்டாம், கண்பார்வைகூட அவ்வளவாக வேண்டாம். நடுங்குகிற கையாக இருந்தால் நெய்யை ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றினால் போதும்.

எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. தளவாய்புரத்துக்காரர் ஒருவர், வாழ்நாளில் அடுப்படியை எட்டிப் பார்க்காதவர், "இந்த வேலையவா பொம்பளையாளுக அம்புட்டுப் பெருசாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாக?" என்றார். அவர் பிடிக்கும் உருண்டை எலுமிச்சம்பழ அளவில் தொடங்கித் தேங்காய் அளவில் முடியும். ரிட்டையர் ஆன டீச்சரம்மா ஒருவர் கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டுத்தான் மாவில் கை வைப்பார். பிடித்ததையெல்லாம் ஒரே தாம்பாளத்தில் அடுக்குவோம். யார் பிடித்தது யாருக்குப் போகிறது என்று பார்க்க மாட்டோம். டீயோடு ஆளுக்கு இரண்டு.

நான் மட்டும் தின்ன மாட்டேன். சனிக்கிழமை எனக்கு ஒருபொழுது. டீயைத் தவிர ராத்திரி வரை எதுவும் கிடையாது. அது எல்லோருக்கும் தெரியும்.

ஆறு மாதம் கழித்துப் பன்னிரண்டாவது ஆளாக ஓர் அம்மா வந்தார். முனிசிபாலிட்டியில் தெருக் கூட்டும் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். பிள்ளை இல்லை, புருஷன் போய்விட்டார். ஒரு தகரப்பெட்டியும் ஒரு விளக்குமாறும் கொண்டுவந்தார். விளக்குமாறு இங்கேயே இருக்கிறது என்றேன். "கைப்பழக்கம் தாயி" என்றார். காலையில் நாங்கள் எழுவதற்குள் வராந்தாவைக் கூட்டி முடித்திருப்பார். உங்களுக்கு எதற்கு இந்த வேலை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

முதல் சனிக்கிழமை அவர் மேஜையின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து உருண்டை பிடித்தார். எல்லாம் ஒரே அளவு, எதிலும் ஒரு வெடிப்புக்கூட இல்லை. அன்றைக்கு மட்டும் தாம்பாளம் காலியாகவே கிடந்தது. அவரவர் பிடித்ததை அவரவர் தட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். "என் கை பிடிச்சது கோணலால்லா இருக்கு, நானே தின்னுக்கிடுதேன்" என்றார் தளவாய்புரத்துக்காரர். அந்த அம்மா தன் தட்டை டீச்சரம்மா பக்கம் நீட்டினார். டீச்சரம்மா சிரித்த முகமாக, "எனக்குச் சுகர் இருக்குல்ல" என்றார். பக்கத்தில் இருந்தவரும் சுகர் என்றார். போன வாரம் இரண்டு இரண்டாகத் தின்றுவிட்டு விரலை நக்கியவர்கள்தான். ஒரே மத்தியானத்தில் இல்லம் முழுக்கச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது.

யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. எனக்கு ஆத்திரமே அதனால்தான். பேசியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன்; மூக்குக்கு மேல் கோபம் வருகிறவள் நான். தூக்குச்சட்டியை ணங்கென்று வைத்துவிட்டு எழுந்தேன். நான் இவர்களைப் போல இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்போது அவர் தட்டோடு என்னிடம் வந்தார். "நீங்க ஒண்ணு எடுத்துக்கிடுங்க தாயி."

எடுத்துக்கொண்டேன். "இன்னைக்கு ஒருபொழுது. பொறவு சாப்பிடுதேன்" என்றேன். அதில் பொய் இல்லை. ஆபீஸ் ரூமுக்குப் போய்ப் பேப்பரில் சுற்றி மேஜை டிராயரில் வைத்தேன். ராத்திரி ஒருபொழுது முடிந்தது. டிராயரைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் திறக்கவில்லை. ஏன் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவும் இல்லை. மற்ற அம்மாக்களை எல்லாம் ஆச்சி என்று கூப்பிட்ட நான், அவரை "இந்தாங்க" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

இப்படியே நான்கு சனிக்கிழமை போயிற்று. டிராயரில் நான்கு பொட்டலம் சேர்ந்தது.

அதற்கடுத்த வாரத்தில் ஒரு நாள், இல்லத்துக் காகிதம் ஒன்றுக்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் பகலெல்லாம் காத்துக்கிடந்துவிட்டுத் திரும்பினேன். ஆபீஸ் ரூம் திறந்திருந்தது. அந்த அம்மா விளக்குமாறோடு தரையில் குத்தவைத்திருந்தார். சுவரோரம் எறும்பு சாரைசாரையாகப் போவதைப் பார்த்து, பின்னாலேயே வந்திருக்கிறார். டிராயர் வெளியே இழுபட்டுக் கிடந்தது. நான்கு பொட்டலமும் பிரிந்து தரையில் இருந்தன.

அவர் என்னைப் பார்க்காமல், எறும்பைக் கூட்டிக்கொண்டே கேட்டார்: "ஒங்களுக்கும் சுகரா தாயி?"

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று இருந்தது. "ஆமா" என்றேன்.

"சொல்லியிருக்கலாம்லா" என்று முறத்தில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்.

நான் தினமும் இரண்டு ஸ்பூன் சீனி போட்டு டீ குடிப்பதை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். அது ஞாபகம் வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். வீட்டை விட்டு இங்கே வந்த அன்றைக்குக்கூட அவ்வளவு தனியாக நான் இருந்ததில்லை. யாராவது வந்து திட்டினால் ஆறுதலாக இருக்கும் போலிருந்தது. திட்டுவதற்குத்தான் எனக்கு யார் இருந்தார்கள்?

அந்தச் சனிக்கிழமை அவர் மேஜைக்கு வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார், அதே கடைசி நாற்காலிக்கு. நான் மாவில் சீனியைக் கொட்டப் போகும்போது, "செத்த நேரம் பொறுங்க தாயி" என்று ஒரு கை மாவைத் தனியாகக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டார். அதில் நெய்யை மட்டும் விட்டு ஒரே ஓர் உருண்டை பிடித்தார். மேஜையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து என்னிடம் கொண்டுவந்தார்.

"இது சீனி போடாதது. பயப்படாமத் தின்னுங்க."

"இன்னைக்குச் சனிக்கிழமை…" என்று என் வாய் தானாக ஆரம்பித்தது.

"சுகரு இருக்கவுக பட்டினி கெடக்கப்படாது தாயி."

வாங்கி, நின்ற இடத்திலேயே வாயில் போட்டேன். சீனி இல்லாத மாவு மேல்வாயில் அப்பிக்கொண்டு இறங்க மறுத்தது. இருமல் வந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் சட்டென்று தண்ணீர் டம்ளரை எடுத்தார். எடுத்தவர் நீட்டாமல் பாதியில் நிறுத்தி, சமையல்காரம்மா எங்கே என்று திரும்பிப் பார்த்தார்.

"நீங்களே குடுங்க ஆச்சி" என்றேன்.

கொடுத்தார். குடித்தேன். அதைப் பார்த்து எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அன்றைக்கும் யாரும் அவர் தட்டில் கை வைக்கவில்லை, பிறகும் வைக்கவில்லை.

நாலு மணிக்கு டீ வந்தது. சமையல்காரம்மா வழக்கம்போல என் டம்ளரில் இரண்டு ஸ்பூன் சீனி போட்டிருந்தார். கடைசி நாற்காலியிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இனிமேல் சீனி வேண்டாம் என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன்.

அதன்பின் அவர் இரண்டு வருஷம் இருந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்கு ஓர் உருண்டை, சீனி போடாதது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைப்பேன். சொன்னால் அது நின்றுபோகும். எனக்கென்று ஒரு கை மாவைத் தனியாக எடுத்துவைத்தவர் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. அதனால் கடைசிவரை சொல்லவில்லை.

எனக்கு இன்றுவரை சுகர் வரவில்லை. டீக்குச் சீனி போட்டுக்கொள்வதும் இல்லை.