நிச்சயமா என்று கேட்கத் தொடங்கிய கட்டளை

கம்ப்யூட்டர் சப்போர்ட் வேலை என்பது, நேற்றுவரை ஒழுங்காக ஓடியதை இன்று கெடுத்தது யார் என்ற கேள்விக்கு, தினமும் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு "நான் இல்லை" என்று சொல்லும் வேலை. ரிட்டயர் ஆன பிறகும் அடுகோடி ஏரியாவில் ஒரு சாஃப்ட்வேர் ஆபீசில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்திருப்பது அந்த முகத்துக்காகத்தான். கறுப்புத் திரையில் கட்டளை தட்டியே காலம் தள்ளும் சகோதர சகோதரிகளே, ஒரு நாள் அப்டேட் வந்து, கை பழகின கட்டளை வேறு மாதிரி நடந்துகொண்டால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

வாய் முளைத்தது

ஃபைல்களைக் காப்பி செய்ய எங்கள் ஆபீசிலேயே எழுதிய கட்டளை ஒன்று உண்டு. போய்ச் சேரும் இடத்தில் அதே பெயரில் பழைய ஃபைல் இருந்தால், சத்தம் காட்டாமல் அதன் மேலேயே எழுதிவிடும். அப்படி ஒருவர் தன் ஒரு மாத வேலையைத் தானே அழித்துவிட்டுக் கண் கலங்கினார். கட்டளையைப் பராமரிக்கும் மஞ்சுநாத் இரக்க சுபாவம். அடுத்த அப்டேட்டில் அதற்கு வாய் வைத்துவிட்டார். "பழையது இருக்கிறது. அழித்து எழுதவா? நிச்சயமா?" என்று ஒவ்வொரு ஃபைலுக்கும் கேட்கும். y தட்டினால்தான் நகரும்.

திங்கட்கிழமை பத்து மணிக்கெல்லாம் என் மேஜை முன்னால் வரிசை. முதல் ஆள் ஈஜிபுரா ரமேஷ். "அங்கிள், போன கம்பெனில நான் ரிசைன் பண்ணப்பகூட ஹெச்.ஆர். ஒரே ஒரு தடவைதான் 'நிச்சயமா'ன்னு கேட்டாங்க."

y தேய்ந்த கதை

புதன்கிழமை ரமேஷின் கீபோர்டில் y என்ற எழுத்து அழிந்தது. வியாழக்கிழமை அந்தக் கீயே கரைந்தது. வெள்ளிக்கிழமை நான் குனிந்து பார்த்தபோது ஓட்டை வழியாக மேஜை தெரிந்தது. ஓர் எறும்பு அதற்குள் இறங்கி, தன் பங்குக்கு ஒரு y தட்டிவிட்டு வெளியே வந்தது. நம்பாதவர்கள் நேரில் வரலாம், மேஜை இன்னும் இருக்கிறது. புதுக் கீபோர்டு வாங்க ஸ்டோர்ஸுக்குப் போய் இதை அப்படியே சொன்னேன். அங்கே இருந்த அம்மாள் தலை நிமிராமல் சொன்னார்: "எறும்பு நல்லா வேலை செய்யுதே சார், அதையே வச்சுக்கோங்க."

ஸ்டெல்லாவுக்கு ஒரு ரகசிய வரி

ஜோகுபாளையம் ஸ்டெல்லா நான்கு வருஷமாகக் காண்ட்ராக்டில் இருந்தாள். தினமும் காலை ஆறு மணிக்கு, அவள் எழுதி வைத்த புரோகிராம் தானே ஓடி, அன்றைய டெலிவரி பட்டியலைத் தயார் செய்து, அதே காப்பி கட்டளையால் முந்தின நாள் பட்டியலின் மேல் எழுதி, வாடிக்கையாளருக்கு அனுப்பும். இந்த மாதம் ஒரு நாள்கூடப் பிசகாமல் போனால் பர்மனென்ட் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அந்த அப்டேட் அவள் மிஷினுக்கு இரண்டாவது வாரம்தான் வந்தது. வந்த அன்றே பயந்துபோய் என்னிடம் ஓடி வந்தாள்.

நான் விரல்களைச் சொடுக்கிக்கொண்டு அவள் லாகினில் ஒரு வரி சேர்த்தேன்: இவள் காப்பி கட்டளையைத் தட்டினால் எதையும் கேட்காதே. தட்டிப் பார்த்தாள். கட்டளை வாயே திறக்கவில்லை. இதே வித்தையைப் பெரிய பெரிய சர்வர்களுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்தவன் நான் என்று அளந்தேன். "கண்ணைத் தொறந்துகிட்டே செய்ங்க அங்கிள், எனக்கு இந்த மாசம் முக்கியம்" என்றாள்.

ஆறு மணிக்கு நடந்தது

மறுநாள் வாடிக்கையாளருக்குப் பட்டியல் போகவே இல்லை. நான் போட்ட வரி, ஸ்டெல்லா உட்கார்ந்து கையால் தட்டும்போது மட்டும்தான் வேலை செய்யும். தானாக ஓடும் புரோகிராம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இந்தத் தொழிலில் தலை நரைத்த நான் அதை மறந்துவிட்டேன். கட்டளை காலை ஆறு மணிக்கு, ஆளில்லாத ஆபீசில், "நிச்சயமா?" என்று கேட்டுவிட்டு மணிக்கணக்கில் பதிலுக்குக் காத்து நின்றிருக்கிறது. இன்னொரு தடவை இப்படி ஆனால் பர்மனென்ட் பேச்சே வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

அப்பாவி முகத்தை எடுத்து மாட்டப் பார்த்தேன்; அன்றைக்கு அது பொருந்தவில்லை. "நான்தான்" என்றேன். ஸ்டெல்லா கோபப்பட்டிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னாள்: "நான் இருக்கறப்ப கேக்கட்டும் அங்கிள், பதில் சொல்லிக்கறேன். நான் இல்லாதப்ப யாரைக் கேக்குது அது?"

மஞ்சுநாத்திடம்

இருவரும் மஞ்சுநாத்திடம் போனோம். பழைய வழக்கத்தையே திருப்பிக் கொண்டுவரச் சொல்லி, ஆபீசே ராஜினாமா செய்யப்போகிறது, வாட்ச்மேன்கூடக் கடிதம் எழுதிவிட்டார் என்றேன். வாட்ச்மேனுக்கு இந்தக் கட்டளையோடு என்ன சம்பந்தம் என்று அவர் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அப்போது ஸ்டெல்லா, மஞ்சுநாத்தின் பாஷையான கன்னடத்துக்கு மாறினாள். கீபோர்டில் ஆள் இருந்தால் கேட்கட்டும். ஆள் இல்லாமல் ஓடினால், பழையதைத் தேதி போட்டுத் தனியாக எடுத்து வைத்துவிட்டுப் புதியதை எழுதட்டும். யாருடைய வேலையும் அழியாது, எதுவும் நிற்காது. மஞ்சுநாத் நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஆய்த்தம்மா, சரி, நீங்களே எழுதுங்க. நாலு வருஷம் எங்க இருந்தீங்க?"

சாயங்காலத்துக்குள் எழுதிவிட்டாள். மறுநாள் ஆறு மணிக்கு நான் பல் தேய்த்துக்கொண்டே போனைப் பார்த்தபடி நின்றேன். ஆறு மூன்றுக்குச் செய்தி வந்தது: "புதுப் பட்டியல் போயிடுச்சு அங்கிள், பிரஷ்ஷைக் கீழ வைங்க."

புதுப் புகார்

மீதி மாதம் பிசகாமல் முடிந்தது. ஸ்டெல்லாவுக்கு மஞ்சுநாத்தின் குழுவிலேயே நாற்காலி போட்டார்கள். அதே வாரம் ரமேஷ் படியேறி வந்தான். "யார் அங்கிள் இது, எங்க பார்த்தாலும் தேதி போட்டுப் பழைய ஃபைலா குவிச்சு வச்சிருக்கறது? முன்ன நல்லாத்தானே இருந்தது?"

அவனை நேரே ஸ்டெல்லாவின் மேஜைக்கு அனுப்பிவைத்தேன். உட்கார்ந்த இடத்துக்கே வந்து நாலு பேர் திட்ட ஆரம்பித்துவிட்டால், இந்தத் தொழிலில் ஒருவர் பர்மனென்ட் ஆகிவிட்டார் என்பதற்கு வேறு கடிதமே தேவையில்லை.