பேருந்தைத் தொலைத்த புதுச்சேரிப் பயணம்

சுற்றுலா வழிகாட்டி என்பவர் ஊரைக் காட்டுபவர் அல்லர், ஆட்களை எண்ணுபவர். உறவினர்களையோ ஊர்க்காரர்களையோ வெளியூருக்கு அழைத்துச் சென்று தொண்டை வறண்ட அன்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நான், நாமக்கல்லில் ஒரு பயண நிறுவனத்தில் இப்பணியை ஏற்றேன். முதற்பயணம் புதுச்சேரி. புறப்படும்போதே உரிமையாளர் நிபந்தனை விதித்தார்: "ஒரு ஆளு தொலைஞ்சாலும் அடுத்த டிரிப்புக்கு நீங்க வேண்டாமுங்க சார்."

வெறிச்சோடிய சாலை

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை வேளையில் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. ஒருபுறம் பழைய வெள்ளைக் கட்டடங்கள், மறுபுறம் அலைதடுக்கும் கருங்கற்கள், இடையே நடப்பவர்கள் மட்டுமே. குழுவில் வந்த லாரி உரிமையாளர் செங்கோடன், சாலையின் ஓரத்தை ஒட்டியே நடந்தார். அடிக்கடி திரும்பிப் பார்த்தார். "நடுவிலேயே நடக்கலாம், அச்சமில்லை" என்றேன். அவர் முகம் இருண்டது. உடனே தம் ஓட்டுநரைக் கைப்பேசியில் அழைத்தார்: "டேய், வண்டிய எடுக்காத! ஸ்டிரைக்கு ஆரம்பிச்சுட்டாங்களாட்ட இருக்குது. இங்க ரோட்டுல ஒரு வண்டி இல்ல!"

கடல் கண்ட கண்ணீர்

திருச்செங்கோட்டுச் சரசுவதி அம்மையார், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வைத்திருப்பவர். கடலை அன்றுதான் முதன்முதலாகக் கண்டார். அலைகள் தோன்றும் விதத்தை நான் விளக்கிக்கொண்டிருக்கையில், அவர் கண்கள் கலங்கின. கற்பித்தலுக்குக் கிடைத்த வெற்றி என நெகிழ்ந்து, காரணம் வினவினேன். "நாங்க ஆயிரம் அடி எறக்கினாலும் புழுதிதானுங்க சாமி பறக்குது. இங்க பாருங்க, ஒரு பைப்பு கூட எறக்காம இத்தன தண்ணி!"

முன்வண்டி

பேருந்து நகரின் மேற்கே நின்றது. "இவ்வூர்த் தெருக்கள் கட்டம் போட்ட தாளைப் போன்றவை. இங்கே வழி தவறுவது இயலாத செயல்" என்று உரையாற்றிவிட்டு முன்னே நடந்தேன். ஆட்கள் சிதறாதிருக்கச் செங்கோடன் லாரிக்காரர்களின் முறையைப் புகுத்தினார்: நானே முன்வண்டி, முன்வண்டியை எவரும் முந்தக்கூடாது, அது நின்றால் நிற்க வேண்டும், திரும்பினால் திரும்ப வேண்டும்.

செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தேன். பின்னால் பேருந்து நிறைய வந்த கூட்டம் முழுவதும் நின்றது. ஒரு மஞ்சள் சுவரருகே ஐயத்துடன் திரும்பினேன், கூட்டமும் திரும்பியது. அடுத்த தெருவிலும் அதே மஞ்சள் சுவர். அதற்கடுத்ததிலும் அதுவே. வழி தவறியது தெரிந்தோ தெரியாமலோ, அனைவரும் பின்னாலேயே வந்தனர். கடைசியில், நாங்கள் புறப்பட்ட இடமான கடற்கரைக் கருங்கற்களின் எதிரிலேயே வந்து நின்றோம்.

அந்நேரம் பார்த்துப் பயண நிறுவன உரிமையாளர் கைப்பேசியில் அழைத்தார். "யாராச்சும் தொலைஞ்சுட்டாங்களா சார்?" செங்கோடன் என்னிடமிருந்து கைப்பேசியை வாங்கிக்கொண்டார்: "ஒருத்தரும் தொலையலீங்க. அத்தன பேரும் வாத்தியார் பின்னாடியேதான் வாரோம். பஸ்ஸுதான் தொலைஞ்சு போச்சு!"

பேருந்து ஓட்டுநர் தேடிவந்து எங்களை மீட்டார் எனினும், ஓர் ஆளையும் தொலைக்காத வழிகாட்டி என்னும் நற்பெயருடன் அடுத்த பயணத்துக்கும் நானே முன்வண்டியாக நியமிக்கப்பட்டுள்ளேன்.