மாத்திரை போட்டுவிட்டு உண்ணாவிரதம்

நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். பிழை இருந்தால் அவளைத் திட்டுங்கள். குடவாசல் பக்கம் எங்கள் வயல்களில் எண்ணெய்க் கிணறு தோண்டக் கூடாதென்று ஊரே உண்ணாவிரதம் இருந்தது. நானும் காலையில் வழக்கம்போலச் சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு, வெறும் வயிற்றோடு பந்தலில் போய் உட்கார்ந்தேன்.

உச்சிவேளையில் உதடு மரத்தது. கை நடுங்கியது, வேர்வை கொட்டியது. கோஷம் எங்கோ தூரத்தில் கேட்டது. பயமே வரவில்லை, வேறு யாருக்கோ நடப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் இருந்த மளிகைக்கடை பாய்தான் கவனித்தார். அவருக்கும் சர்க்கரை உண்டு.

"அண்ணே, மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன் பாய்."

"சாப்பிட்டீங்களா?"

"உண்ணாவிரதத்துல யாரு சாப்பிடுவா?"

"அட கூறுகெட்ட மனுசா! நோன்பு வர்றதுக்கு முன்னாடியே நான் டாக்டரக் கேட்டு மாத்திரைய மாத்திக்குவேன். வெறும் வயித்துல மாத்திரை போட்டா சர்க்கரை ஒரேடியா எறங்கிடும். இந்தாங்க, சர்க்கரைத் தண்ணி."

"விரதம் கெட்டுடுமே."

"நீங்க போய்ட்டா நெலத்த யாரு உழுவா? குடிங்கண்ணே!"

குடித்தேன். கொஞ்ச நேரத்தில் உதடு திரும்பக் கிடைத்தது. அதற்குப் பிறகு சோறும் வாங்கிப் போட்டார்.

இப்போது டாக்டர் சொல்படி மாத்திரையென்றால் சாப்பாடும் உண்டு. மடியில் சர்க்கரைப் பொட்டலமும் உண்டு. உண்ணாவிரதப் பந்தலுக்கு வெளியே நின்று கோஷம் மட்டும் போடுகிறேன். சாப்பிட்டவன் குரல்தான் ஓங்கிக் கேட்கிறதாம்.