அங்க ஆறு இருக்குங்களா?

பிராக் நகரில் குடியேறிவிட்ட நண்பரைப் பார்த்துத் திரும்பியபோது, அவருடைய நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர் பூதலூர் ரயில் நிலையத்தில் எனக்காகக் காத்திருந்தார். பழைய குத்தகைப் போராட்டத்தில் முறிந்து, கோணலாகச் சேர்ந்த இடக்கையைப் பேசும்போதெல்லாம் நீவிக்கொள்வார். நிலத்தை விற்கப்போவதாக நண்பர் சொல்லியிருந்தார். அதை இவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் வந்திருந்தேன்.

"நல்லாருக்காங்களாய்யா?"

"நல்லா இருக்காங்க. பழைய கோட்டை, பாலம் எல்லாம் காட்டினாங்க."

"அங்க ஆறு இருக்குங்களா? நம்ம ஆறு மாதிரி காஞ்சு கெடக்காம தண்ணி ஓடுதுங்களா?"

"கரை தொட்டு ஓடுது."

கையை நீவுவது நின்றது.

"அப்ப வரமாட்டாரு. வித்துடுவாரு."

கோணல் கையாலேயே என் பெட்டியைத் தூக்கினார்.

"அம்மா இல்லாம தனியாப் போயிட்டு வந்திருக்கீங்க. களைச்சிருப்பீங்க, வாங்கய்யா."

உழுத நிலம் கைவிட்டுப் போன அந்த நொடியில், மறைந்த என் மனைவியை நினைக்க அவருக்கு எப்படி முடிந்தது என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.