தம்பிக்காக வளர்த்த முடி

திருப்பதியிலிருந்து சித்தூர் வரும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காவிட்டாலும் சந்தன வாசனை கட்டாயம் கிடைக்கும். போன வாரம் எனக்குப் பக்கத்து சீட்டில் ஒரு புது மொட்டை. அந்த மனிதர் தூக்கத்தில் என் தோளில் சாய்ந்து சட்டையெல்லாம் சந்தனத்தை அப்பிவிட்டார். வேறொரு நாளாக இருந்தால் எழுப்பிச் சண்டை போட்டிருப்பேன்; என் குணம் உங்களுக்குத் தெரியாததா? அன்று தோளைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். லாம் அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது.

லாம் அண்ணன் வியட்நாம்காரர். போரில் தோற்றுப்போன தென் வியட்நாம் பட்டாளத்தில் வண்டி ரிப்பேர் பார்த்தவர். அவர் மனைவி லோகம்மா, சித்தூர்ப் பக்கம் நகரி ஊர்க் குடும்பத்துப் பெண். அவளுடைய அப்பா சைகோனில் துணிக்கடை வைத்திருந்தார். அங்கே ஆட்சி மாறியதும் மாமனார் குடும்பத்தோடு இவரும் கிளம்பி வந்து, எங்கெங்கோ சுற்றி, கடைசியில் சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் மெக்கானிக்காகச் சேர்ந்தார். நான் அங்கே கிளார்க். வாரிவிட்ட கிராப்பும், எனக்கு இங்கிலீஷ் வரும் என்று நானே கிளப்பிவிட்ட வதந்தியும்தான் அப்போது என் சொத்து.

சீசனில் பங்காருபாளையத்திலிருந்து லாரி லாரியாகத் தோத்தாபுரி மாம்பழம் வந்து இறங்கும். வெந்த பழத்தின் வாசனை சட்டையில், சோற்றில், தலையணையில் எல்லாம் ஏறிவிடும். சீசன் முடிவதற்குள் மாம்பழத்தைக் கண்டாலே குமட்டும். முடிந்த மறுவாரமே எங்கேயாவது ஒரு பழம் கிடைக்குமா என்று நாக்கு தேடும். மானங்கெட்ட நாக்கு!

லாம் அண்ணனிடம் யாரும் முதலில் பார்ப்பது தலைமுடியைத்தான். இடுப்பு வரைக்கும் தொங்கும். ஒற்றைப் பின்னலாகப் போட்டிருப்பார். ஒரு நாள் டீ குடிக்கும்போது வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்.

“என் தம்பி ஊர உட்டுத் தப்பிக்க படகுல ஏறிப் போனான் சார். நடுக்கடல்ல இன்னா ஆனான்னு தெரியல. அவன் உசுரோட கீறான்னு சேதி வந்தா ஏழுமலையானுக்கு மொட்ட. அது வரிக்கும் தலையில கத்தி வெக்க மாட்டேன்.”

வேண்டிக்கொண்டது லோகம்மா, வளர்த்தது அவர். வீட்டில் புத்தர் படத்துக்குப் பக்கத்திலேயே பெருமாளையும் மாட்டியிருந்தார். அந்த முடியை வெட்டினால் தம்பி செத்துவிட்டான் என்று அவரே ஒத்துக்கொண்டதாகும். அது அவரால் ஆகாது.

ஒரு சீசனில் ஆஸ்திரேலியாவிலிருந்து கூழ் வாங்குகிறவர்கள் ஃபேக்டரியைப் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. சுவரெல்லாம் வெள்ளையடித்தார். பிறகு அவர் கண் பின்னலில் விழுந்தது. “ஜுட்டு கத்திரிஞ்சு. லேதண்டே ரேப்பட்டி நுஞ்சி ராவத்து” என்றார். முடியை வெட்டு, இல்லாவிட்டால் நாளையிலிருந்து வராதே. லாம் அண்ணன் ஸ்பானரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். வேறு வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு. வீட்டில் இரண்டு சின்னப் பெண் பிள்ளைகள். மேனேஜருக்குப் பயந்து நான் லெட்ஜரைப் புரட்டுவதுபோல் பாவனை செய்தேன்.

பழம் நறுக்கும் வரிசையிலிருந்து முனியம்மா அக்கா எழுந்து வந்தாள். “எங்க தலையில கீறது இன்னா சார், புல்லா? துணி கட்டிக்கினு தான வேல செய்றோம்? அவுருக்கும் ஒரு துணி குடு, கட்டிக்கினு போறாரு. அவுரு முடி ஆவாதுன்னா எங்க முடியும் ஆவாது.”

சொல்லிவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தாள். வரிசை முழுக்கக் கத்திகள் கீழே இறங்கின. வெளியே பழுத்த பழத்தோடு லாரிகள் வெயிலில் நிற்கின்றன. மேனேஜர் லாரிகளைப் பார்த்தார், முனியம்மாவைப் பார்த்தார். “சரே, கட்டுக்கோ போ” என்று சொல்லிவிட்டு ரூமுக்குள் போய்விட்டார்.

வெள்ளைக்காரர்கள் வந்த அன்று லாம் அண்ணன் பெண்கள் கட்டும் மஞ்சள் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு கூழ் மிஷின் பக்கத்தில் நின்றார். வந்தவர்களில் ஒரு அம்மாள் மிஷினை விட்டுவிட்டு அவரையே பார்த்தாள். யார் இவர், ஏன் இந்தத் துணி என்று என்னிடம் கேட்டாள். வதந்தியைக் காப்பாற்ற வேண்டிய நேரம். “பிரதர், போட், சீ, நோ நியூஸ், காட், ஹேர்” என்று கையையும் தலையையும் ஆட்டி ஒப்பித்தேன். எப்படியோ அவளுக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் வியட்நாம்காரர்கள் நிறைய இருக்கிறார்கள், விசாரித்துப் பார்க்கிறேன் என்று தம்பியின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டாள். இதெல்லாம் நடக்கிற காரியமா என்றுதான் நான் நினைத்தேன்.

சங்கராந்திக்கு முன்னால் ஒரு காலையில் ஆபீஸ் போன் அடித்தது. எடுத்தால் புரியாத பாஷையில் யாரோ அழுகிறார்கள். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிப்போய் லாம் அண்ணனைக் கூட்டி வந்தேன். காதில் வைத்தவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார், தம்பியின் பெயர். அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார். போனை வைத்ததும் கேட்டார்: “சார், திருப்பதி பஸ்சு எத்தினி மணிக்கு?”

முனியம்மா கூட்டமும் நானும் அலிபிரியிலிருந்து அவரோடு படியேறினோம். பாதி மலையிலேயே எனக்கு மூச்சு வாங்கியது, அவர் ஓடினார். மொட்டையடித்துச் சந்தனம் பூசி வந்தவரைப் பார்த்து லோகம்மா, “ஐயே, இத்தினி வருசமா இந்த மூஞ்சியவா வெச்சிக்கினு இருந்தேன்?” என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

மறு வருஷம் தம்பியே நேரில் வந்தார். ஆஸ்திரேலியாவுக்குக் குடும்பத்தோடு வந்துவிடு, எல்லா ஏற்பாடும் செய்கிறேன் என்று அண்ணன் காலைப் பிடிக்காத குறை. லாம் அண்ணன் அவர்கள் பாஷையில் ஏதோ சொல்ல, தம்பி குனிந்துகொண்டார். லோகம்மா எனக்குச் சொன்னாள்: “ஒரு தபா ஊட்ட உட்டு வந்துட்டேன், இன்னொரு தபா என்னால முடியாதுன்றாரு.”

அந்த ஃபேக்டரி இப்போது இல்லை. மேனேஜர் பெங்களூரில் மகனோடு இருக்கிறாராம். முனியம்மா அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். பழ லாரிகள் நின்ற இடத்தையெல்லாம் மனை போட்டு விற்றுவிட்டார்கள். அதில் ஒரு மனையில் லாம் அண்ணன் லோகம்மா பெயரில் வீடு கட்டியிருக்கிறார். பால் காய்ச்சிய அன்று போயிருந்தேன். எழுபதைத் தாண்டிய கிழவனும் கிழவியும், பெண்களைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, மாடியில் எதற்கு இன்னொரு ரூம் என்று கேட்டேன்.

“தம்பிக்கு சார். பொண்டாட்டி போனப்புறம் அங்க தனியாக் கீறான். அஸ்திவாரம் போட்டப்போ போன் பண்ணான்” என்றார் லாம் அண்ணன். “‘ஊருக்கு வந்துர்றேண்ணா’ன்னான்.”