ஒரே பெயரில் பத்து லைன்

பஸ் தொழிலாளர் கேம்ப் வாசலைத் தாண்டுவதற்குள் டவர் அண்ணன் ஐந்து பேருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்து முடித்துவிடுவார். மீதி நான்கு, முதல் சிக்னலில் பஸ் நிற்கும்போது. பரீட்சைத் தாள் திருத்துகிறவர் மாதிரி புருவத்தை நெரித்துக்கொண்டுதான் பார்ப்பார். பூ, குழந்தை, காலை வணக்கம் என்றால் அடுத்த ஆளுக்குப் போவார். வேறு ஏதாவது என்றால் முன் இருக்கையைத் தட்டுவார்.

“ஏம்பா டைல்ஸு, என்ன இது? மேனேஜர் தலைய கொரங்கு உடம்புல ஒட்டி வச்சிருக்க?”

“சும்மா தமாசுண்ணே.”

“தமாசு ஒனக்கு, லைன் என் பேர்ல. நீ சிரிச்சா நான் சிரிச்சேன்னுதான் எழுதுவான். எடு மொதல்ல.”

“டவர் ஆடுதுடா, எல்லாரும் பத்திரம்!” என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, பஸ்ஸே சிரிக்கும். படம் போகும்வரை டவர் அண்ணன் மட்டும் சிரிக்க மாட்டார்.

நாற்பத்தாறு வயது. ஓர் அலுவலகக் கட்டடத்தில் ஏழாம் மாடியிலிருந்து பத்தாம் மாடிவரை கழிப்பறைகளைக் கழுவுகிறார். பயந்த மனிதர், அதை மறைக்கவும் மாட்டார். லிஃப்டில் கோட்டுப் போட்டவர் யாராவது இருந்தால் வாளியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிடுவார். எந்தத் தாளைக் கொடுத்தாலும் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். “மத்தவனுக்கெல்லாம் கம்பெனிதான் மொதலாளி. எனக்கு பயம்தான்ப்பா மொதலாளி” என்பார்.

இந்த மனிதர் பெயரில் பத்து சிம் இருக்கிறது. ஒன்றுதான் அவருடையது; மற்ற ஒன்பதில் கேம்ப் ஆட்கள் பேசுகிறார்கள். டவர் என்ற பட்டம் அப்படி வந்தது.

ஊரிலிருந்து புதிதாக வருகிறவனின் பாஸ்போர்ட்டை விமான நிலையத்து வேனிலேயே கம்பெனி வாங்கிக்கொள்கிறது. அடையாள அட்டை வர நான்கு மாதம். அட்டை இல்லாமல் சிம் கிடையாது. சிம் இல்லாமல் அந்த ஆறு இலக்க எண் வராது. அது வராமல் வாட்ஸ்அப் திறக்காது. நான்கு மாதம் ஒரு தாய், பிள்ளை போய்ச் சேர்ந்தானா இல்லையா என்றே தெரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அட்டை வந்தபிறகு எண்ணைத் தன் பெயருக்கு மாற்றலாமே என்றால், அதற்கு அசல் பாஸ்போர்ட் வேண்டுமாம்! இதைத் தலையெழுத்து என்கிறார்கள். அதை, கேம்பைக் கவனிக்கிற கேம்ப் பாஸின் இரும்பு அலமாரியில் பூட்டி, சாவியை அவர் இடுப்பில் செருகி வைத்திருப்பதற்குப் பெயர் தலையெழுத்து அல்ல, திருட்டு.

ஒன்பது வருஷம் முன்னால் வந்த டவர் அண்ணனிடம் அட்டை இருக்கிறது. யாராவது கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தால் இரண்டு நாள் பார்ப்பார். மூன்றாம் நாள், “எந்திரி, கடைக்குப் போவோம்” என்பார். மெசேஜ் மட்டும் போகிற மலிவு பேக்கைப் போட்டுக் கொடுத்து, அது ஒரு மாதத்தில் செத்துவிடும், இருபத்தெட்டாம் நாளே காசு ஏற்று என்று மூன்று தடவை சொல்லுவார். கடைசியாக ஓர் எச்சரிக்கை: “அழு, பேசு, பொண்டாட்டிகூட சண்டை போடு. கம்பெனியப் பத்தி மட்டும் ஒரு எழுத்து போகக் கூடாது.”

போனது எழுத்து அல்ல, வீடியோ. போன மாதம் கேம்பில் எட்டுப் பேருக்கு வாந்தி. இரண்டு பேர் ஆஸ்பத்திரியில். அந்த ஒன்பது பேரில் ஒருவரான கொத்தனார் மாடியேறித் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே புறா ஒன்று இறகு உதிர்ந்து மிதந்தது. அதைப் படம் பிடித்துத் தொழிலாளர் அலுவலகத்தின் புகார் எண்ணுக்கு அனுப்பிவிட்டார். சோதனைக்கு வரும் தேதி இதே எண்ணுக்கு வரும் என்று பதில் வந்தது. புகாரின் நகலைக் கொத்தனாரின் எண்ணோடு சேர்த்துக் கம்பெனிக்கும் அனுப்பி வைத்திருந்தார்கள் அந்த நியாயவான்கள்.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் அந்த எண்ணை அச்சடித்து ஒட்டினார் கேம்ப் பாஸ். ‘இதன் சொந்தக்காரர் யார்?’ கொத்தனார் போனை அணைத்து வைத்தார்; தேதி வந்ததா என்று பார்க்க ராத்திரியில் மட்டும் திறந்தார். டவர் அண்ணன் சோற்றுத் தட்டைத் தொடாமல் மூடி வைத்தார். காகிதத்தில் சொந்தக்காரர் அவர்தானே! மனைவி குரல் பதிவு அனுப்பியிருந்தாள்: “என்னங்க, உங்க கொரலே சரியில்ல. சாப்ட்டீங்களா?” சாப்பிட்டேன் என்ற ஒரு சொல்லை நடுங்காமல் சொல்ல அவர் மூன்று முறை பதிவு செய்ய வேண்டியிருந்தது.

அந்த வாரமே போன் கம்பெனியிடமிருந்தும் செய்தி. வியாழக்கிழமைக்குள் நேரில் வந்து விரல் ரேகை வைத்து, தன் பெயரிலுள்ள எண்களை உறுதி செய்ய வேண்டும். செய்யாதவை துண்டிக்கப்படும்.

கை கழுவும் இடத்தில் கொத்தனார் வந்து நின்றார்.

“அண்ணே, தேதி இன்னும் வரல.”

“எம்பொண்ணு நர்சிங் ரெண்டாவது வருசம்டா. என்னை ப்ளைட்ல ஏத்தி அனுப்பிட்டா அது படிப்பு அதோட சரி.”

“தெரியும்ணே. அதான் ஒண்ணும் கேக்கல.”

“கேக்காம நிக்கிறியே, அதுவும் கேக்குறதுதான்டா!”

வியாழன் மதியம் அரை நாள் லீவு போட்டுக் கடைக்குப் போனார். குளிரூட்டிய அறையிலும் முதுகில் சட்டை ஒட்டியிருந்தது. கவுண்டரில் இருந்த பெண்ணும் தமிழ்தான்.

“அண்ணா, உங்க பேர்ல பத்து லைன் இருக்கு. தெரியுமா?”

“தெரியும்மா.”

“உங்களோடது இல்லாதத இந்தத் தாள்ல கோடு போட்டு அடிச்சிடுங்க. யாரோ ஏமாத்தி வாங்கினதா எழுதிக்குவோம். உங்களுக்கு ஒரு பொறுப்பும் வராது.”

தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். வெறுமையாக இருந்தது. ஏழாவது வரியில் கொத்தனாரின் எண். அதன் தொடக்கத்தில் பேனாவை வைத்தார். ஒரு கோடு. இழுத்தால் கேம்ப் பாஸ் இல்லை, திருப்பி அனுப்புவது இல்லை, ஒன்றுமில்லை. தேதி யாருக்கும் வராது. தொட்டி அப்படியே இருக்கும். பேனா முனையில் மை ஊறி, புள்ளி கடுகளவு பெருத்தது.

தாளை அப்படியே நகர்த்தினார்.

“ஒண்ணுமே அடிக்கலையே?”

“எல்லாம் என்னோடதுதாம்மா.”

அவள் ரேகைக் கருவியை முன்னால் தள்ளினாள். கட்டைவிரலை வைத்தார். சிவப்பு விளக்கு. மறுபடி வைத்தார். மறுபடி சிவப்பு. கழிப்பறை ஆசிட் ஒன்பது வருஷமாக அந்த விரலைத் தின்று வழவழவென்று ஆக்கி வைத்திருந்தது.

“ரேகையே இல்லண்ணா. இன்னொரு தடவைதான். விழலேன்னா பத்து லைனும் இன்னிக்கே கட் ஆயிடும். யார் மேலயும் தப்பில்ல, மெசின் எடுக்கலன்னு போட்டுடுவேன்.”

டவர் அண்ணன் ஒரு கணம் வாசலைப் பார்த்தார். பிறகு கட்டைவிரலை எண்ணெய் வழிந்த தலைமுடியில் நன்றாகத் தேய்த்தார், கருவியின் கண்ணாடிமேல் வைத்தார், அது வழுக்காமலிருக்க இடது உள்ளங்கையை அதன்மேல் பொத்தி, உடம்பின் பாரம் முழுவதும் இறங்கும்படி அழுத்திக்கொண்டு நின்றார்.