ஆற்றங்கரையில் ஓரடி

மலாக்கா ஆறு அப்போது நாறும். சேறு, மரக்கரி, வெயிலில் காயும் பெலாச்சான் இறால் விழுது, எல்லாம் கலந்த ஒரு வீச்சம். எங்கள் காஜா பெராங்கிலிருந்து சைக்கிளை மிதித்து டவுனுக்குள் நுழையும்போதே மூக்கில் ஏறிவிடும். வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனால் அந்த வீச்சத்துக்கு இப்போது மனசு ஏங்குகிறது...

மெர்டேக்கா வந்த புதுசு. எனக்கு இருபது வயது. ஆற்றங்கரையை அளந்துகொண்டிருந்த ஓர் ஓவர்சியரிடம் டேப் பிடிக்கும் வேலை. நாடு நம்முடையதாகிவிட்டது, ஊரும் பளிச்சென்று இருக்க வேண்டாமா? கரையில் கல்சுவர் எழுப்பி, பாதை போட்டு, மரம் நடப் போகிறார்கள் என்று பேச்சு. அதற்கு ஒரு விதி வைத்திருந்தார்கள். தண்ணீரிலிருந்து முப்பது அடிக்குள் இருக்கிற வீடெல்லாம் உடைபடும்.

ஓவர்சியர் வீட்டுச் சுவரில் டேப்பின் ஒரு முனையை அழுத்திப் பிடிப்பார். நான் மறுமுனையை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கி, தண்ணீர் விளிம்பில் நின்று எத்தனை அடி என்று கத்த வேண்டும். முப்பதுக்குக் குறைந்தால் கதவில் சிவப்புப் பெயிண்டால் ஒரு குறி. அதைப் போடுவதும் நான்தான்.

அன்று காலை போன முதல் வீடு பாக்கியத்தின் வீடு. பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை, உள்ளே ஆறு பேர். அவள் அப்பா சுமத்ரா படகுகளில் மூட்டை இறக்குகிறவர். வீடு போனால் புக்கிட் ரம்பாயில் மாமன் வீட்டில் போய் ஒண்ட வேண்டியதுதான். வெள்ளிக்கிழமைகளில் ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலில் அவளைப் பார்ப்பேன். பேசியதில்லை. பேசுகிற தைரியம் எங்கே இருந்தது...

டேப்பைப் பார்த்தேன். பதினெட்டு அடி.

இதில் ஒரு விஷயம். கடல் பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் ஆறு ஒரு நாளில் இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை இறங்கும். நாங்கள் அளந்தது ஏறியிருந்த ஆற்றை. ஓவர்சியர் வெளியூர்க்காரர், அதைக் கவனிக்கவில்லை. எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நேற்று வந்த பயல் எனக்குப் பாடம் எடுக்கிறாயா என்று வேலையை விட்டுத் தூக்கிவிடுவாரோ என்று பயம். வாயை மூடிக்கொண்டு பெயிண்ட் டப்பாவைத் திறந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பாக்கியம் விளக்குமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவிக்கொண்டு வெளியே வந்தாள். என்னைத் தாண்டி இறங்கி, தண்ணீர் விளிம்பில் அதைக் குத்தினாள்.

"சார், நீங்க அளந்தது ஆயர் பாசாங். ஏத்தத் தண்ணி. உக்காந்து ஒரு கோப்பி குடிங்க. குடிச்சிட்டு இந்தக் குச்சியப் பாருங்க."

ஓவர்சியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்தார். எனக்கும் பால் விடாத ஒரு கோப்பி-ஓ வந்தது. என் கைக்குக் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டுப் போனாள். அவர் ஆற அமரக் குடித்து முடித்தபோது, குச்சிக்கும் தண்ணீருக்கும் நடுவில் இரண்டு முழம் சேறு பளபளத்தது.

"எப்ப முழுசா எறங்கும் தங்கச்சி?"

"ரெண்டு மணிக்கு சார்."

"அப்ப ரெண்டு மணிக்கு வரேன். டப்பாவ மூடு தம்பி."

இரண்டு மணிக்கு மறுபடி டேப்பை இழுத்தேன். நல்ல மனிதர், சொன்னபடி வந்தார். ஆனால் தண்ணீர் விளிம்பில் நின்று பார்த்தால்... இருபத்தொன்பது அடி.

பொய் சொல்ல வாய் வரவில்லை. கால் மட்டும் நகர்ந்தது. ஓரடி பின்னால், தண்ணீருக்குள். சரிவு மறைத்ததால் மேலே இருந்த ஓவர்சியருக்கு என் கால் தெரியாது.

"முப்பது" என்று கத்தினேன்.

அடுத்து இருந்த மூன்று வீடுகளுக்கும் ஓரடி, ஈரடிதான் குறைந்தது. அங்கே என் கால் நகரவில்லை. உள்ளதை உள்ளபடி கத்தினேன், குறியும் போட்டேன். அடுத்த மாதமே அந்த வீட்டுக்காரர்கள் லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு போனார்கள். மேலே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் என்னைப் பார்த்துக் கைகூடக் காட்டினார்கள்.

மறு வருடம் எனக்கும் பாக்கியத்துக்கும் கல்யாணம்.

இப்போது ஆற்றங்கரையைப் பார்த்தால் வேறு ஊர் மாதிரி இருக்கிறது. நடைபாதை, சுவர் ஓவியம், விளக்கு, சுற்றுப்பயணிகள் படகு. வீச்சம் இல்லை. போன மாதம் இன்னும் மரம் நட வேண்டும் என்று கரையோரத்துக்காரர்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்கள். மேசையில் வரைபடத்தை விரித்து, "ஒங்களுக்கு எங்க நெழல் வேணும்?" என்று ஒரு சின்னப் பெண் எல்லாரையும் கேட்டாள். நம்பினால் நம்புங்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் காலத்தில் கேட்டதெல்லாம் எத்தனை அடி என்பதுதான்.

கூட்டம் முடிந்து நானும் பாக்கியமும் கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் பிறந்த இடத்தில் இப்போது கல்வீடு, அவள் தம்பி மகன் இருக்கிறான். பெஞ்சு போட்டிருந்தது அதைத் தாண்டி, அந்த மூன்று வீடுகள் இருந்த இடத்தில்.

இத்தனை வருடம் சொல்லாததைச் சொன்னேன்.

"பாக்கியம், அன்னிக்கு எனக்கும் ஏத்தத் தண்ணின்னு தெரியும். பயத்துல பேசல."

"தெரியும்ங்க. காஜா பெராங்காரருக்கு அதுகூடத் தெரியாமலா இருக்கும்?"

"தெரிஞ்சுமா கட்டிக்கிட்டே?"

"மத்தியானம் நான் சமையக்கட்டு சன்னல்ல நின்னேன். நீங்க தண்ணிக்குள்ள கால வச்சீங்க. பாத்தேன். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுகையால் பெஞ்சைத் தட்டி, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"எங்களுக்கு வச்ச ஓரடிய அவங்களுக்கும் வச்சிருக்கலாம்ங்க."